எஞ்சி நின்ற தோழன்

இளமையின் நட்பு, முதற்காதல், பிரிவுத்துயர் ஆகிய மூன்றையும் ஒருங்கே சொல்லும் பிரெஞ்சு நாவல் ஒன்றைப் பற்றி இன்று கூற விழைகிறேன். அலேன் ஃபூர்னியே எழுதி 1913-ஆம் ஆண்டில் வெளிவந்த 'லெ கிரான் மோன்' என்பதே அது.

சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மோன் என்னும் மாணவன் வந்து சேர்கிறான். ஒருநாள் வழிதவறிப் புகுந்த பழைய மாளிகையில் இவோன் என்னும் நங்கையைக் கண்டு காதல் கொள்கிறான். நெடுநாட்களுக்குப் பின் அவளை மணந்தும், மறுநாளே பிரிந்து செல்கிறான். அவன் திரும்புமுன், ஒரு மகளை ஈன்று அவள் மறைகிறாள். அவள் உடலைக் குறுகிய படிகளில் சுமந்து இறக்குபவன் மோனின் தோழன் பிரான்சுவா. நமக்குக் கதை சொல்பவனும் அவனே.

ஆசிரியரும் 1905-இல் பாரிஸில் ஒரு நங்கையைக் கண்டு காதலித்தவர். அவளோ வேறொருவரை மணந்தாள். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 அன்று, 27-ஆம் வயதில் அவர் மாண்டார். அவர் முழுமையாக முடித்த நாவல் இஃதொன்றே. அவரது உடல் 1991-இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

அப்போரில் சிறைப்பட்டு மீண்டவர், அவருடைய பள்ளித்தோழர் ழாக் ரிவியேர். அவர் நண்பரின் சிதறிக் கிடந்த எழுத்துகளைத் தொகுத்து, முன்னுரையும் எழுதி, 1924-இல் வெளியிட்டார். மறு ஆண்டே தாமும் மறைந்தார்.

கதையில் பிரான்சுவா ஆற்றிய பணியை வாழ்வில் ரிவியேர் ஆற்றினார். இறப்பைத் தடுக்க நட்பால் இயலாது. ஆயினும் இறந்தவரை மறதிக்கு இரையாகாமல் காக்க அதனால் இயலும் என்பதையே நான் இவ்வரலாற்றில் காண்கிறேன்.