ஞானரதம் ஓடிய வழி

ஜப்பானில் ‘லைட் நாவல்’ என்ற பெயரில் விற்கும் சின்னஞ்சிறு புத்தகங்களைப் பற்றித் தமிழ் இளைஞர்கள் இன்று ஆர்வமாகப் பேசிக்கொள்கிறார்கள். சட்டைப்பையில் அடங்கும் அளவு, நடுநடுவே படங்கள், பேச்சாலேயே நகரும் கதை, சாதாரணப் பையன் ஒருவன் திடீரென்று வேறோர் உலகத்துக்குப் போய்விடும் கதைக்கரு ஆகியவை அவற்றின் அடையாளங்கள். எந்தத் தொடர் எத்தனையாவது பாகத்தில் நிற்கிறது, எதைப் பதிப்பகம் பாதியில் கைவிட்டது, எது அனிமேயாக வரப்போகிறது என்று கதைக்கு இணையாகப் பதிப்புத் தொழிலும் அந்தப் பேச்சில் அலசப்படுகிறது. இதெல்லாம் நம் மண்ணுக்கு முற்றிலும் புதிது என்ற எண்ணம் பேசுகிறவர்களுக்கும் உண்டு, அவர்களை வியப்போடு பார்க்கும் பெரியவர்களுக்கும் உண்டு. அந்த எண்ணம் சரியல்ல. கதையை வாரம் வாரமாக இதழில் கொடுத்து, வாசகரிடம் அது எடுபட்ட பிறகு சிறு நூலாக்கும் முறை புதுச்சேரியில் 1909-லேயே நடந்திருக்கிறது. அந்தக் கதையும் வேறு உலகங்களுக்குப் போகிற கதைதான். அந்த முறை அங்கே ஏன் வேரூன்றவில்லை என்று பார்த்தால், இந்த வகை எழுத்து எதனால் வாழ்கிறது என்பது தெளிவாகும். எழுத்தாளரும் அச்சுக்கூடமும் மட்டும் அதை வாழவைப்பதில்லை. இதழ் வாசகரிடம் போய்ச் சேரவும், அவர் சொல்லும் காசும் திரும்பி வரவும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

முதலில் ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். லைட் நாவலுக்குப் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்கதை மரபு இருக்கிறது. நட்சுமே சோசெகி பல்கலைக்கழக ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு 1907-ல் அசாஹி நாளிதழில் சேர்ந்து, தம் நாவல்களை அதிலே தொடராக எழுதினார். 1927-ல் இவானாமி பதிப்பகம் ‘புன்கோ’ என்ற மலிவுவிலைச் சிறுநூல் வரிசையைத் தொடங்கியது. லைட் நாவலின் உருவம் அந்தப் புன்கோ அளவிலிருந்து வந்ததுதான். 1989-ல் ‘டிராகன் மேகசின்’ இதழில் தொடங்கிய ‘ஸ்லேயர்ஸ்’ அடுத்த ஆண்டே நூலாயிற்று. 2002 முதல் தம் இணையப்பக்கத்தில் ஒரு தொடரை எழுதிவந்த ரெகி கவஹாரா, வேறொரு படைப்புக்காக டெங்கெகி பரிசு பெற்றார். அதன் பிறகு 2009-ல் அந்தப் பழைய தொடர் ‘சோர்ட் ஆர்ட் ஆன்லைன்’ என்ற பெயரில் அச்சேறியது. வாசகர் முன் வைத்துப் பார்த்துவிட்டு நூலாக்குவது என்ற முறை மாறவே இல்லை. வைத்துப் பார்க்கும் இடம்தான் நாளிதழ், மாத இதழ், இணையம் என்று மாறிவந்தது. நூல் தயாரானதும் அது கடைக்குப் போகும் ஏற்பாட்டையும் கவனிக்க வேண்டும். நிப்பன், தோஹான் என்ற இரண்டு பெரிய மொத்த விற்பனை நிறுவனங்கள் இதழ்களை நாடு முழுவதும் கொண்டுசேர்க்கும் அதே வண்டியில் நூல்களையும் கொண்டுபோகின்றன. விற்காததைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம். சின்ன ஊர்க் கடைக்காரரும் பேர் தெரியாத புது எழுத்தாளரின் நூலைத் துணிந்து அடுக்கிவைக்க இதுவே காரணம். ஜப்பானியரின் கற்பனையை வியக்கிறவர்கள் அந்தக் கற்பனைக்குப் போடப்பட்டிருக்கும் சாலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரான்சிலும் இதே நிலைதான். பாரிஸில் 1836-ல் எமில் தெ ஜிரார்தென் விலை மலிந்த நாளிதழைத் தொடங்கியபோது, சந்தாவைப் பெருக்கத் தொடர்கதையே துணை நின்றது. 1842-லும் 1843-லும் யூஜின் சூ ‘பாரிஸ் நகர ரகசியங்கள்’ கதையை நாளிதழில் எழுதிவந்த காலத்தில், நூற்றுக்கணக்கான வாசகர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். பாத்திரங்களுக்காக மன்றாடினார்கள், தங்கள் வறுமையையும் சொன்னார்கள். அந்தக் கதையின் தாக்கத்தில் இங்கிலாந்தில் ரெனால்ட்ஸ் எழுதினார். ரெனால்ட்ஸைத் தழுவித் தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் எழுதினார். ஆகவே வாசகர் கதையைப் பற்றிப் பேசுவதும், அந்தப் பேச்சு கதை எழுதுகிறவரை எட்டுவதும் இந்தத் தொழிலோடு கூடவே பிறந்தவை. பேசும் வாசகர் இல்லாமல் தொடர்கதை இல்லை.

இனிப் புதுவைக்கு வருவோம். சென்னையில் 1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் மீது 1908-ல் ஆங்கிலேய அரசு வழக்குத் தொடுத்தது. சட்டப்படி அதன் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறை சென்றார். உண்மையில் அதை எழுதி நடத்திவந்த சுப்பிரமணிய பாரதி பிரெஞ்சு எல்லைக்குள் புதுச்சேரிக்கு வந்துசேர்ந்தார். இதழின் உரிமையாளரான மண்டயம் குடும்பத்தாரின் ஆதரவில் அக்டோபர் மாதமே இதழ் அங்கிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியது. ஒரு தொடர்கதைக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன. பிரெஞ்சுச் சட்டத்தின் நிழலில் அச்சிடும் உரிமை இருந்தது. தமிழ் இதழியலுக்கே புதிதாக, முதல் பக்கத்தில் கருத்துப்படம் போடும் வழக்கத்தை ‘இந்தியா’ ஏற்கெனவே கொண்டுவந்திருந்தது. எழுத்தோடு படத்தையும் எதிர்பார்க்கும் வாசகரை அது பழக்கியிருந்தது. எழுதுகிறவரோ பாரதி. இந்த இதழில்தான் 1909-ல் ‘ஞானரதம்’ தொடராக வந்தது. திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் படுத்திருக்கும் ஒருவன் மனத்தின் தேரில் ஏறிக் கவலையற்ற உலகம், கந்தர்வ உலகம், சத்திய உலகம், தர்ம உலகம் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறான். நடுவே இந்த மண்ணுலகத்துக்கும் திரும்பி வருகிறான். 1910-ல் அது நூலாயிற்று. அதே ஆண்டு ‘ஆறில் ஒரு பங்கு’ என்ற கதையும் புதுவையிலிருந்து சிறு நூலாக வந்தது. ‘இந்தியா’வோடு ‘விஜயா’ நாளிதழும் ‘கர்மயோகி’ மாத இதழும் அங்கிருந்தே வெளியாயின. ஜப்பானில் சோசெகி நாளிதழில் தொடர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை. தொழில்முறையில் புதுவை பின்தங்கி இருக்கவில்லை.

பின்தங்கியிருந்தது வழிதான். பிரெஞ்சுப் புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆங்கிலேயர் ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த சிறு நிலம் அது. 1879-ல் போட்ட ரயில்பாதை புதுச்சேரியை விழுப்புரத்தோடு இணைத்தது. விழுப்புரம் ஆங்கிலேயர் கையில் இருந்தது. இதழ் அச்சாகும் இடம் சுதந்திரமானது, ஆனால் அதைப் படிக்கும் பெரும்பான்மையோர் எல்லைக்கு அப்பால் சென்னையிலும் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் இருந்தார்கள். 1910 பிப்ரவரியில் வந்த அச்சுச் சட்டம் அச்சுக்கூடங்களிடம் ஜாமீன் கேட்டதோடு நிற்கவில்லை. சந்தேகத்துக்குரிய கட்டுகளைச் சுங்க அதிகாரியும் தபால் அதிகாரியும் நிறுத்திவைக்கலாம் என்று அதிகாரமும் கொடுத்தது. புதுவை அச்சகத்தை ஆங்கிலேயரால் தொட முடியவில்லை; அங்கிருந்து கிளம்பும் பாதையை அடைக்க முடிந்தது. மார்ச் மாதத்தோடு ‘இந்தியா’ நின்றது. மறு ஆண்டு ‘ஆறில் ஒரு பங்கு’ நூலையும் சென்னை அரசு தடை செய்தது. பல உலகங்களுக்குப் போய்வரும் தேரைக் கற்பனை செய்தவரின் இதழால் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத விழுப்புரத்தைக் கடக்க முடியவில்லை.

நின்றதற்கு வழி அடைபட்டதுதான் காரணம் என்று எப்படிச் சொல்லலாம், பணமில்லாமல் நின்றிருக்கலாமே என்று கேட்கலாம். சந்தாப் பணம் நிலுவையில் கிடப்பது அக்காலத் தமிழ் இதழ்கள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க அதே ஊரில், அதே காலத்தில் இன்னோர் இதழ் இருக்கிறது. 1910 ஏப்ரலில் புதுவைக்கு வந்த அரவிந்தர் 1914 ஆகஸ்டில் ‘ஆர்யா’ மாத இதழைத் தொடங்கினார். அவருடைய தலையாய நூல்களில் பல அதில் மாதந்தோறும் தொடராகவே வந்தன. பின்னாளில் நூலான ‘தி லைஃப் டிவைன்’ அவற்றுள் ஒன்று. அரவிந்தர் ஆங்கிலேயர் ஓயாது கண்காணித்த மனிதர். ஆயினும் தத்துவத்தைச் சுமந்த அந்த இதழுக்கு வழி அடைபடவில்லை. போர்க்காலம் முழுவதையும் தாண்டி 1921 ஜனவரி வரை, ஆறரை ஆண்டு அது வந்தது. அது ஆங்கில இதழ், அதன் வாசகர் வேறு என்று யாரேனும் சொன்னால், தமிழ்க் கதைகளையே சாட்சிக்கு அழைக்கலாம். 1910 முதல் புதுவையில் அடைக்கலம் இருந்த வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-ல் சென்னையிலிருந்து வந்த ‘விவேகபோதினி’யில் வெளியாயிற்று. பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’ சுப்பிரமணிய சிவாவின் ‘ஞானபாநு’வில் வந்தது. கதைகள் புதுவையிலேயே எழுதப்பட்டன, எழுதிய கைகளும் பழைய கைகளே, படிக்கும் மக்களும் பழைய மக்களே. இதழ் எல்லைக்கு அப்பால் இருந்தபோது கதை வாசகரிடம் போய்ச் சேர்ந்தது. மாறியது வழி ஒன்றே.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஞானரதம் உயர்ந்த நோக்கத்தில் எழுந்த இலக்கியம், லைட் நாவலோ காசுக்காக ஆலைப்பொருள்போல் உருவாகும் பொழுதுபோக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பாரதியைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்பது அது. தரத்தை நான் ஒப்பிடவில்லை. ஒரே வயலில் நெல்லும் விளையும், கோரையும் விளையும். இரண்டுக்கும் தண்ணீர் அதே வாய்க்காலில்தான் வர வேண்டும். தொடர்கதை என்ற வாய்க்காலில் சோசெகியும் வந்தார், சூவும் வந்தார். தொடராக வந்ததால் ஒரு படைப்பு தாழ்ந்துவிடுவதும் இல்லை, உயர்ந்துவிடுவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாரதியே சாதாரண வாசகரை விரும்பித் தேடினார். எளிய சொல், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு என்பதைத் தம் கொள்கையாகவே அவர் வைத்திருந்தார். வார இதழில் வேற்றுலகக் கதை எழுதியது அந்தக் கொள்கையின் ஒரு பகுதி. இளைஞர்கள் படிக்கும் எளிய கதையை எள்ளி ஒதுக்குகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

புதுவையில் அடைபட்ட வாய்க்கால் சென்னையில் பெருக்கெடுத்தது. 1925-ல் வை.மு. கோதைநாயகி ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தி, அதில் தம் நாவல்களைத் தொடராக வெளியிட்டார். 1928-ல் எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னை வாங்கினார். 1941-ல் ‘கல்கி’ இதழ் பிறந்தது. அதில் 1950 முதல் 1954 வரை மணியத்தின் ஓவியங்களோடு ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. வாரந்தோறும் தொடர்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் பரவியது. பதிப்பகம் நூலாக்குமுன் வாசகரே நூலாக்கிக்கொண்ட அந்த வழக்கத்தைத் தமிழ் வாசக மரபின் பெருமைகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். 1969-ல் ‘ராணி முத்து’ மலிவு விலையில் மாதம் ஒரு நாவல் என்று வந்தபோது, நாளிதழ் ஏஜெண்டும் பெட்டிக்கடையும் பஸ் ஸ்டாண்டுமே அதற்குச் சாலையாயின. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியதும் அந்தச் சாலையின் வலிமையில்தான். 1954 நவம்பர் 1 அன்று புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுக்கு முன் ‘இந்தியா’வை முடக்கிய எல்லை பொருளற்றுப் போயிற்று. ஆனால் அதற்குள் ஓட்டத்தின் திசை மாறிவிட்டிருந்தது. இதழ்கள் சென்னையிலிருந்து புதுவைக்கு வந்தன. புதுவையின் கதைகள் சென்னை இதழ்களைத் தேடிப் போயின. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து புதுவையின் பதினெட்டாம் நூற்றாண்டை மீட்டெடுத்த பிரபஞ்சன், ‘மானுடம் வெல்லும்’ நாவலைத் ‘தினமணி கதி’ரில் தொடராக எழுதினார். அதன் தொடர்ச்சியான ‘வானம் வசப்படும்’ 1995-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஊர் புதுவை, கதை புதுவை, எழுதியவர் புதுவைக்காரர். வழி மட்டும் சென்னைக்கு உரியது.

இணையம் வந்த பிறகு வழியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும், எந்த எல்லையும் இல்லையே என்று கடைசியாகக் கேட்கலாம். கட்டுகளை நிறுத்திவைத்த அந்தப் பழைய எல்லை இன்று இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஜப்பானியக் கதை புதுவை இளைஞரிடம் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வருகிறது. ஆங்கிலத்தில் வெளியிடுவதற்கென்றே பதிப்பகங்கள் உள்ளன. உரிமை வாங்குகிறார்கள், மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுக்கிறார்கள். எது விற்கும் என்பதை வாசகர் பேச்சிலிருந்து அறிகிறார்கள். தமிழ் வாசகரின் ஆர்வமும் அந்த ஆங்கிலக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தமிழில் கேட்டவர் எத்தனை பேர் என்பது எந்தப் பதிப்பாளரையும் எட்டுவதில்லை. கதை வந்துசேரும் வழி திறந்திருக்கிறது, வாசகர் குரல் திரும்பிப் போகும் வழி தமிழுக்கு இல்லை. பாதி வழி திறந்தால் போதாது என்பதே புதுவையின் பாடம். எனவே இளைஞர்கள் இந்தக் கதைகளின் தொழிலைப் பற்றிப் பேசுவதை வீண் வேலையாக நான் பார்க்கவில்லை. அந்தப் பேச்சு தமிழில் நடக்கட்டும். தமிழ்ப் பதிப்பாளரின் காதில் விழட்டும். எங்களுக்கு இது தமிழில் வேண்டும், இப்படியொன்றைத் தமிழிலேயே எழுதுங்கள் என்று கேட்கட்டும். தமிழில் வேற்றுலகக் கதை எழுத யாரும் ஜப்பானிடம் அனுமதி பெற வேண்டியதில்லை. அந்தத் தேர் 1909-லேயே புதுவையில் பூட்டப்பட்டுவிட்டது. அது இன்று ஓட வேண்டிய வழியைப் படிக்கிறவர்களும் பதிப்பிக்கிறவர்களும் சேர்ந்து போட வேண்டும்.