வரிக்காகப் பிறந்த குட்டிக் கார்

நம் பேஸ்மென்ட்டில் நிற்கும் டிசையர் கார்களைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறீர்களா? டிக்கி சட்டென்று முடிந்துவிடும். நீளம் நான்கு மீட்டருக்குள் இருந்து, இன்ஜினும் சிறியதாக இருந்தால் வரி குறைவு என்று 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிதான் அதற்குக் காரணம். இப்படி வரிக் கணக்குப் பார்த்து கார் செய்வது புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வந்த ஆஸ்டின் செவன் அதற்கு நல்ல உதாரணம்.

1921-ல் அங்கே ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு சாலை வரி வந்தது. குதிரைத்திறனை எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? இன்ஜினை ஓட்டிப் பார்த்து அல்ல. சிலிண்டர்கள் எத்தனை, அவற்றின் குறுக்களவு எவ்வளவு, அவ்வளவுதான். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது கணக்கிலேயே இல்லை! அகன்ற சிலிண்டர் கொண்ட ஃபோர்டு மாடல் டி வைத்திருந்தவர் ஆண்டுக்கு 23 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் ஹெர்பர்ட் ஆஸ்டினின் கம்பெனி திவாலாகும் நிலையில், கடன்காரர்களுக்காக நியமிக்கப்பட்ட நிர்வாகியின் கைக்குப் போயிருந்தது. போர்க்காலத்தில் குண்டுகள் செய்யப் பெரிதாக்கிய லாங்பிரிட்ஜ் தொழிற்சாலை. விற்பதற்கோ 'ட்வென்டி' என்ற பெரிய கார். சின்னக் கார் செய்யலாம் என்றார் ஆஸ்டின். இயக்குநர்கள் ஒப்பவில்லை. மனிதர் விடவில்லை. தொழிற்சாலையின் வரைபடப் பிரிவிலிருந்து ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். பில்லியர்ட்ஸ் அறையில் உட்கார்ந்து இருவரும் கார் வரைந்தார்கள். இரண்டு சிலிண்டர் போதும் என்பது முதலாளியின் எண்ணம். நான்குதான் சரி என்று வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தது அந்தப் பையன். ஐம்பதைத் தாண்டிய முதலாளி அதைக் காதில் வாங்கிக்கொண்டாரே, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

1922-ல் கார் வெளிவந்தது. விரைவிலேயே நிலைபெற்ற 747 சிசி இன்ஜினில் சிலிண்டர் குறுக்களவு 56 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 76 மி.மீ. ஒல்லியான, நீண்ட சிலிண்டர். வரி 8 பவுண்டுதான். விலை ஆரம்பத்தில் 225 பவுண்டு. சீக்கிரமே 165-க்கு இறங்கியது. மழையில் நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிளின் சைடு காரில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிப்போன குடும்பஸ்தர்களைத்தான் ஆஸ்டின் குறிவைத்தார். முன்னால் இருவர், பின்னால் குழந்தைகள், தலைக்கு மேல் மடக்குக் கூரை.

குறைகளும் உண்டு. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருந்தது. ஆனால் ஆரம்பக் கார்களில் கால் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும், முன்சக்கரங்களுக்குக் கை பிரேக்கை இழுக்க வேண்டும். கிளட்சோ கொஞ்சம் விட்டாலே கார் துள்ளிவிடும். இருந்தும் 1939 வரை சுமார் 2,90,000 கார்கள் தயாராயின. தன் சொந்த முயற்சி என்பதால் ஒவ்வொரு காருக்கும் இரண்டு கினி ராயல்டி வாங்கினார் ஆஸ்டின், கம்பெனியும் பிழைத்தது.

ஜெர்மனியில் லைசென்ஸ் வாங்கி இதைச் செய்துவந்த டிக்ஸி நிறுவனத்தை 1928-ல் பிஎம்டபிள்யூ வாங்கியது. ஆக, பிஎம்டபிள்யூ பெயரில் வந்த முதல் கார் நம் குட்டி ஆஸ்டினின் வாரிசுதான்.

காரின் அகலம் நாலடிக்கும் குறைவு. நம் பார்க்கிங் கோட்டுக்குள் பக்கத்தில் பக்கமாக இரண்டை நிறுத்திவிடலாம், கதவைத் திறந்து இறங்கத்தான் முடியாது. பார்க்கிங் கமிட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்.