காப்புக்கட்டும் இட்டேரியும்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்தில் போகியன்று சாயங்காலம் வீட்டு எரவாணத்தில் ஒரு சின்னக் கொத்தைச் செருகி வைப்போம். அதுதான் காப்பு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். ஊர் வழக்கப்படி மாவிலை, தும்பை, பிரண்டை என்று ஒன்றிரண்டு சேரும். வாசலோடு நின்றுவிடாது. மாட்டுப்பட்டி, கிணற்றடி, வைக்கோல் போர், தானியத் தொம்பை, காட்டின் நாலு மூலை என்று எல்லா இடத்துக்கும் ஒரு கொத்து உண்டு. அறுவடை முடிந்து வீடு நிறைந்திருக்கும் நேரத்தில், இருப்பதற்கெல்லாம் ஒரு காவல்.

இந்தப் பூக்கள் நம்மவர்களுக்குப் புதியவை அல்ல. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியலில் பூளையும் உண்டு, ஆவிரையும் உண்டு. ஆவிரைதான் நம் ஆவாரை. பெரும்பாணாற்றுப்படையில் வரகரிசிச் சோற்றுக்குப் பூளைப்பூ உவமையாகிறது. பொலபொலவென்று வெந்த வரகுச் சோற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையின் பொருத்தம் உடனே புரியும்.

இன்னோர் இடத்தில் இவை வருவதுதான் வேடிக்கை. காதல் கைகூடாதவன் பனை மடலில் குதிரை செய்து, அதில் ஏறி ஊர்த்தெருவில் எல்லாரும் பார்க்க வருவது மடலேறுதல். அப்போது அவன் சூடிக்கொள்பவை பூளை, ஆவிரை, எருக்கு என்று கலித்தொகை சொல்கிறது. தோட்டத்துப் பூவைச் சூடி வந்தால் அது மணக்கோலமாகிவிடும். மானத்தை விட்டு வருகிறவனுக்கு வேலியோரப் பூதான் பொருத்தம். அன்று வெட்கக்கேட்டுக்குச் சூடிய இரண்டு பூக்களும் இன்று நம் வீட்டு நிலைக்கு மேலே காவலுக்கு நிற்கின்றன.

காப்புக்கு ஏன் இந்தச் செடிகள் என்று கேட்டால், கிருமியை விரட்டும், மருந்து என்று சொல்வார்கள். சித்த வைத்தியத்தில் சிறுபீளை என்ற பெயரில் பூளையைக் கல்லடைப்புக்குக் கொடுப்பது உண்மை. ஆவாரையும் வேம்பும் மருந்து என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கூரையில் செருகிய கொத்து என்ன மருத்துவம் செய்துவிடும்? எனக்குத் தோன்றுவது வேறு காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைக்கும் பூளை, மார்கழியில் வெள்ளை வெளேரென்று கதிர் பிடித்து நிற்கும். பறித்துக் காய்ந்த பிறகும் அதன் வெண்மை மாறாது, உருவமும் குலையாது. ஆவாரையின் மஞ்சளும் வேம்பின் பச்சையும் அந்தப் பருவத்தில் தேடாமலே கிடைக்கும். வேம்பு இலையுதிர்க்க இன்னும் நாளிருக்கும். அந்தப் பருவத்தில் காடு தானாகக் கொடுப்பதை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

காடு என்றாலும் விதைத்த காடு அல்ல. பூளையை யாரும் பயிரிட்டதில்லை. உழவனுக்கு அது களை. அது வளர்ந்த இடம் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம், வேலிக்குள் கோவைக்கொடி, பிரண்டை, ஓணான், கௌதாரி. காங்கேயம் பக்கம் என்றால் மாடு மேய விட்டுவைத்த கொறங்காடு. உழாத இடமும் ஊருக்கு வேண்டும் என்று வைத்திருந்த நிலங்கள் இவை. சிறுவயதில் போகியன்று மத்தியானம் எங்களை இட்டேரிக்கு அனுப்புவார்கள். பூளையை வேரோடு பிடுங்காதே, கதிரை மட்டும் ஒடி என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அடுத்த வருஷமும் வேண்டுமே!

ஆவாரைக்கு வேறொரு கதையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துத் தோல் தொழில் பெரும்பாலும் ஆவாரம்பட்டையை நம்பி இருந்தது. அந்தப் பட்டையில் பதனிட்ட தோல் லண்டன் சந்தை வரை போனது. தரிசில் தானாக வளர்ந்த செடியின் பட்டையை உரித்து விற்று எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் கஞ்சி குடித்தன. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை இறக்குமதியானது. பிறகு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்த மரத்தையே நட்டார்கள். மலைப் புல்வெளி சுருங்கியது. ஆவாரை மறுபடி வெறும் வேலியோரப் பூ ஆனது.

இப்போது இட்டேரிகள் தார்ச்சாலையாகிவிட்டன. கிளுவை வேலி இருந்த இடத்தில் கம்பி வேலி. தரிசு பாதி சைட்டாகிவிட்டது, மீதியில் சீமைக்கருவேல். களைக்கொல்லி அடித்த வரப்பில் பூளை நிற்பதில்லை. அதனால் பொங்கலுக்கு முன் மூன்று கொத்தும் ஒன்றாகக் கட்டி மார்க்கெட்டில் விற்பனைக்கு வருகிறது. விற்கிற பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். விடியுமுன் எழுந்து எங்கெங்கோ அலைந்து பறித்து வருகிறார்கள். நாலு நாள் வருமானம் அவர்களுக்கு. வாங்குகிற நமக்குத்தான் நஷ்டம். எந்தச் செடி, எங்கே முளைக்கும், எப்போது பூக்கும் என்ற அறிவு கொத்தோடு சேர்ந்து வருவதில்லை. கட்டில் இருப்பதில் எது பூளை என்று கேட்டால் விழிக்கிற பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

காப்பு என்றால் காவல். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம் பாட்டில் இருந்த ஒரு பூவுக்கு இப்போது காவல் யார்? பெரிய காரியம் எதுவும் வேண்டாம். எரவாணத்தில் காய்ந்த கொத்தைக் குப்பையில் போடாதீர்கள். அந்த வெள்ளைக் கதிருக்குள் கடுகிலும் சிறிய கருப்பு விதை இருக்கிறது. கொல்லையில் மண்வெட்டி படாத ஒரு மூலையில் உதிர்த்து விடுங்கள். ஐப்பசி மழைக்கு முளைத்தால், பிடுங்காமல் விட்டுவையுங்கள்.