ஐம்பது மீட்டர்த் தொலைவு

துரோணர் அருச்சுனனைச் சோதித்த கதையை நாம் அனைவரும் அறிவோம். பறவையின் தலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்றான் அவன். கல்லூரி நாள்களில் தேசிய மாணவர் படையில் துப்பாக்கி பிடித்தபோது நானும் அவ்வாறே இலக்கின் கருவட்டத்தை உற்று நோக்கினேன். ஐந்து குண்டுகளும் ஐந்து திசையில் போயின. பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இலக்கை விடு, முளையைப் பார்" என்றார். அச்சொல்லின் பொருள், பின்னாளில் ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

1896இல் ஏதென்சு நகரில் நடந்த ஒலிம்பிக்கில், கைத்துப்பாக்கிப் போட்டிகளுள் ஒன்று 30 மீட்டர்த் தொலைவில் நடந்தது. அமெரிக்கரான சம்னர் பெயின் வென்றார். 1900இல் பாரிசில் அத்தொலைவு 50 மீட்டராயிற்று. இருபது மீட்டர் கூடியதனால் என்ன வந்துவிட்டது என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம்.

குழலின் முனையில் ஒரு சிறு முளை நிற்கிறது. கைக்கு அருகே ஒரு வெட்டு இருக்கிறது. வெட்டின் நடுவே முளை தெரியுமாறு பிடிப்பதே குறிபார்த்தல். இரண்டிற்கும் இடையே 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முளை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், குண்டு 10 மீட்டரில் 5 சென்டிமீட்டர் விலகும். 50 மீட்டரிலோ 25 சென்டிமீட்டர் விலகிவிடும். இலக்கிலுள்ள புள்ளி வட்டங்களின் முழு அகலமே 50 சென்டிமீட்டர்தான். நடுவில் விழ வேண்டிய குண்டு விளிம்புக்குப் போய்விடும்!

ஆனால் முளையும் வெட்டும் ஒத்திருக்க, கை முழுவதுமாக ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். பத்துப் புள்ளிக்குரிய வட்டம் 5 சென்டிமீட்டர் அகலமுடையது. ஆதலால் பத்து கிடைத்தே தீரும். கை சற்று அசைவதைத் தொலைவு மன்னித்துவிடுகிறது. குறி கோணுவதைத்தான் மன்னிப்பதில்லை. நம் கண்ணோ அண்மையையும் சேய்மையையும் ஒருங்கே தெளிவாகக் காண இயலாதது. எனவே முளையைத் தெளிவாகவும் இலக்கை மங்கலாகவும் கண்டு, முளை கோணாதவாறு விசையை மெல்ல அழுத்துவதே வழி. அருச்சுனன் கேட்டிருந்தால் வியந்திருப்பான்.

இதனைக் கற்றுத் தேறப் பல தலைமுறைகள் ஆயின. 60 குண்டுகளுக்கு 600 புள்ளிகள். 1900இல் சுவிட்சர்லாந்தின் ரோடரர் 503 பெற்று வென்றார். 1936இல் பெர்லினில் சுவீடனின் டோர்ஸ்டன் உல்மன் 559 பெற்றார். 1980இல் மாஸ்கோவில் மெலென்தியேவ் 581. குழல் நீண்டது; மரப்பிடி அவரவர் உள்ளங்கைக்கேற்பச் செதுக்கப்பட்டது; விசை இறகெனத் தொட்டாலே இயங்குமாறு அமைந்தது. ஆயினும் மெலென்தியேவின் எண்ணைக் கடக்க 34 ஆண்டுகள் பிடித்தன. 2014இல் கிரனாடாவில் தென்கொரியாவின் சின் சோங்-ஓ 583 பெற்றார். அதே போட்டியில் நம் நாட்டு சீது ராய் வெள்ளிப் பதக்கம் வென்றதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

2016இல் ரியோவில், இறுதிச் சுற்றின் ஒன்பதாம் குண்டு சின் சோங்-ஓவுக்கு 6.6 புள்ளியே தந்தது. இடையில் ஏழாம் இடத்திற்கு இறங்கினார். அத்தகைய நேரத்தில் கண் தானாகவே இலக்கைத் தேடி ஓடும்; அவர் ஓடவிடவில்லை போலும். ஒவ்வொரு குண்டாக மீண்டு வந்து தங்கம் வென்றார். 2008, 2012ஆம் ஆண்டுகளை அடுத்து, இப்போட்டியில் அது அவருக்கு மூன்றாம் தங்கம்.

அதன் பின்னர் ஒலிம்பிக்கிலிருந்து 50 மீட்டர்க் கைத்துப்பாக்கிப் போட்டி நீக்கப்பட்டது. எனக்கு அது வருத்தமே. 2020ஆம் ஆண்டுக்குரிய தோக்கியோ ஒலிம்பிக்கில், கைத்துப்பாக்கிக்கு 25 மீட்டரும் 10 மீட்டருமே எஞ்சின.