'திடீர்ப் புகழ்' என்னும் கற்பிதம்: நஞ்சியம்மாவை முன்வைத்துச் சவ்வாது மலையை நோக்கி

ஆடு மேய்த்த பழங்குடிப் பெண் ஒரே பாட்டில் உலகப் புகழ் பெற்றார் என்றுதான் நஞ்சியம்மாவின் வரலாறு இன்றும் சொல்லப்படுகிறது. 2020 பிப்ரவரியில் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில், கேரளத்தின் அட்டப்பாடிப் பகுதி இருளர் மொழியில் அவர் பாடிய பாட்டு, யூடியூப் வழியே கடல் கடந்தது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 2022 செப்டம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் கையால் பெற்றார். இவை உண்மை. 'திடீர்' என்பதை மட்டும் ஏற்பதற்கில்லை.

அட்டப்பாடியில் அவர் முன்பே பாடகி. அங்குள்ள கலைஞர் பழனிசாமியின் கலைக்குழுவில் மேடையேறிப் பாடிவந்தவர். படத்தின் இயக்குநர் சச்சிக்கு அவரை அறிமுகப்படுத்தியவரும் அந்தப் பழனிசாமிதான். பாட்டைக் கூர்ந்து கேட்டால் இன்னொன்றும் புலப்படும். பூத்து நிற்கும் சந்தன மரத்தில் பூப்பறிக்க அழைக்கிற குரல், அடுத்த மூச்சிலேயே விமானம் பார்க்கவும் அழைக்கிறது. பழங்குடிப் பாட்டை ஆதிகாலத்தின் மிச்சமென்றும் எவருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்தென்றும் கருதும் ஆய்வாளர்கள் அந்த விமானத்துக்கு என்ன விளக்கம் தருவார்கள்? தலைக்கு மேலே பறந்ததைப் பாட்டுக்குள் இழுத்துக்கொண்ட சமகாலக் கற்பனை அது. படக்குழு பாடலாசிரியர் இடத்திலும் நஞ்சியம்மாவின் பெயரையே போட்டது. விருதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

விருது அறிவிக்கப்பட்டதும் எதிர்ப்பு எழுந்தது. முறைப்படி சங்கீதம் பயின்றவர்களுக்கு இது அவமதிப்பு, சுருதி கொடுத்துப் பாடச் சொன்னால் இவரால் பாட முடியுமா என்று கேட்டார்கள். விருது அந்தப் பாட்டை அவர் பாடிய விதத்துக்குத் தரப்பட்டது. எல்லாப் பாட்டையும் பாடும் திறமைக்கு அல்ல. தவிலும் கொகல் என்னும் குழலும் ஒலிக்கும் இருளர் கூத்தில் பல்லாண்டு நின்று பாடியதைப் பயிற்சியாகக் கொள்ள மறுப்பவர்கள், பாட்டைக் கேட்கும் முன்பே பாடுபவரின் தகுதிச் சான்றிதழைக் கேட்கிறார்கள்.

இந்தத் 'திடீர்'க் கதை நஞ்சியம்மாவோடு நிற்பதன்று. 'ஆண்பாவம்' (1985) படத்துக்கு முன்பே கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடியவர். 'தூள்' (2003) வருமுன்பே பரவை முனியம்மா கிராமிய மேடைகளில் பேர் பெற்றிருந்தார். 2009இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் போட்டியில் உலகை வியக்கவைத்த சூசன் பாயிலும், பத்தாண்டுக்கு முன்பே ஓர் அறக்கொடை இசைத்தட்டுக்குப் பாடியிருந்தார். ஆகவே திடீரென்று நிகழ்வது நம் கேட்டல்தான். அதைப் பாடுபவரின் வாழ்க்கை வரலாறாக மாற்றி எழுதும்போது, அவருடைய உழைப்பு 'கண்டுபிடித்தவர்' கணக்கில் வரவாகிவிடுகிறது.

பாட்டு யார் கணக்கில் வரவாகிறது என்பது, இன்னும் பதிவுசெய்யப் போகவேண்டிய சவ்வாது மலை விஷயத்தில் நடைமுறைக் கேள்வியாகிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்த இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமை விளைவிப்பவர்கள், தமிழ் பேசுபவர்கள். இதே மலையிலுள்ள காவலூரில் வானத்தை நோக்க 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவ முடிந்த நமக்கு, அடிவாரத்திலிருந்து ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஏறிப்போவது பெரிய காரியமல்ல. ஆனால் அங்கே அடுத்த நஞ்சியம்மாவைத் தேடிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவதே நல்லது. 'மலைவாழ் மக்கள் பாடல்' என்று பொதுப்பெயரிட்டு நாடாவை அடுக்கும் பழக்கத்தை நாட்டார் வழக்காற்றியல் துறைகள் கைவிட வேண்டும். பாடுபவரின் ஒப்புதலோடு அவர் பெயரும் ஊரும், யாரிடம் கேட்டுப் பழகினார் என்பதும், எந்த அடி அவரே கட்டியது என்பதும் பதிவாக வேண்டும். அந்த ஒலிப்பதிவின் படி ஒன்று மலைமேலுள்ள ஜமுனாமரத்தூரிலேயே, பாடியவர்கள் கேட்கும்படி இருக்க வேண்டும்.