பதின்மூன்றாம் எண்ணும் பந்தயக் காரும்

எண்ணும் எழுத்தும் இறைவன் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகள். பொருள்களைக் கணக்கிடுவதற்காக மனிதன் கைக்கொண்ட எண், நாளடைவில் அவனையே ஆட்டிப் படைக்கும் ஆண்டானாகி விட்ட விந்தையை வரலாறு நெடுகிலும் காண்கிறோம். இந்த மயக்கம் கல்லாத பாமரரிடம் மட்டுமே உண்டு என்று கருதுவோர், அறிவியலின் உச்சியில் நிற்பதாகச் சொல்லப்படும் ஐரோப்பாவின் மோட்டார் பந்தய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

1925ஆம் ஆண்டு செப்டம்பரில், ஸ்பெயின் நாட்டின் சான் செபாஸ்டியன் கிராண்ட் பிரி பந்தயத்தில், டெலாஜ் என்னும் பிரெஞ்சுக் காரை ஓட்டிய பால் தோர்ஷி என்பவர் விபத்தில் உயிரிழந்தார். அவருடைய காரில் பொறித்திருந்த எண் 13. ஏழு மாதங்கள் சென்றன. 1926 ஏப்ரல் 25ஆம் நாள் சிசிலித் தீவின் மலைப்பாதையில் ‘தார்கா புளோரியோ’ பந்தயம் நடந்தது. 1921, 1922 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதே பந்தயத்தில் வாகை சூடிய ஜூலியோ மசெட்டி அன்று விபத்தில் மாண்டார். அவர் ஓட்டியதும் டெலாஜ் கார். அதன் எண்ணும் 13.

ஏசு நாதரின் கடைசி விருந்தில் 13 பேர் அமர்ந்திருந்தனர் என்பதை வைத்து, முன்னரே அவ்வெண்ணை அஞ்சி வந்த கிறித்தவ ஐரோப்பாவுக்கு இந்த இரு மரணங்களும் போதுமானவையாயின. பந்தயம் நடத்துவோர் 13ஐ வழங்குவதைக் கைவிட்டனர். பிற்காலத்தில் வந்த பார்முலா ஒன் பந்தயங்களிலும் 12க்கு அடுத்தது 14 என்பதே வழக்கமாயிற்று. 1963இல் மெக்சிகோவில் மொய்செஸ் சோலானாவும், 1976இல் பிரிட்டனில் டிவினா கலிகா என்ற பெண்மணியும் அவ்வெண்ணை ஏற்றது அரிய விதிவிலக்கு. ஓட்டுநர் தமக்கு வேண்டிய எண்ணைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்று 2014இல் விதி வந்தபோது, வெனிசுலா நாட்டுப் பாஸ்டர் மால்டொனாடோ துணிந்து 13ஐக் கேட்டு வாங்கினார். இரண்டு பருவங்கள் அவ்வெண்ணுடன் ஓட்டி உயிரோடு ஓய்வு பெற்றார்.

அச்சத்தின் கதைகளில் உருக்கமானது அஸ்காரி குடும்பத்தின் கதையாகும். தந்தை அந்தோனியோ அஸ்காரி 1925 ஜூலை 26ஆம் நாள் பிரான்சில் பந்தயத்தின் முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. மகன் ஆல்பர்ட்டோ அதே தொழிலுக்கு வந்து, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் ஆனார். ஆயினும் கறுப்புப் பூனையைக் கண்டால் கலங்குவார். 26ஆம் தேதியை அஞ்சுவார். தம்முடைய நீலத் தலைக்கவசமின்றி ஓட்டமாட்டார். 1955 மே 22ஆம் நாள் மொனாக்கோவில் அவருடைய 26ஆம் எண் கார் கடலுக்குள் பாய்ந்தது. அவர் நீந்தித் தப்பினார். நான்கே நாள் கழித்து, மே 26ஆம் நாள், மோன்சா ஓடுகளத்தில் நண்பர் ஒருவரின் தலைக்கவசத்தை அணிந்து பரீட்சார்த்தமாக ஓட்டியபோது மரணம் அவரைத் தழுவியது. அவருக்கும் வயது 36.

இதனைக் கேட்போர் உள்ளம் நடுங்குவது இயல்பே. ஆனால் நிதானமாக ஆராய்வோமாக. 13க்கு அஞ்சுகின்ற ஐரோப்பாவிலேயே இத்தாலியர் 17க்கு அஞ்சுகின்றனர். உரோம எழுத்துகளில் அதனை மாற்றி அடுக்கினால் ‘வாழ்ந்து முடித்தேன்’ என்று பொருள்தரும் லத்தீன் சொல் பிறக்கும் என்பது அவர்கள் கூறும் காரணம். சீனரும் ஜப்பானியரும் அஞ்சுவதோ 4ஐ. அவர்கள் மொழிகளில் அதன் ஓசை மரணத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு மாறுவது எண்ணின் குணமாக இருக்க முடியுமா? அது மனிதனின் பழக்கமன்றோ!

பந்தய வரலாறே இதற்குச் சான்று. 1982இல் ஜில் வில்னேவ் என்னும் வீரர் 27ஆம் எண் காரில் மாண்டார். அவர்மீது கொண்ட அன்பினால் ரசிகர்கள் அவ்வெண்ணைப் போற்றினரேயன்றி வெறுக்கவில்லை. 1990இல் அயர்ட்டன் சென்னா அதே 27ஆம் எண்ணுடன் ஓடி உலக வாகையர் ஆனார். அந்தச் சென்னா 1994 மே முதல் நாள் இமோலாவில் உயிரிழந்தபோது காரின் எண் 2. இன்றுவரை எவரும் 2ஐப் பழிக்கவில்லை. நம் அச்சத்துக்கு ஒத்துவரும் நிகழ்ச்சிகளை நினைவில் பதித்து, ஒவ்வாதவற்றை மறந்து விடுகிறோம் என்பதே உண்மை.

அப்படியாயின் பந்தயத்தில் மரணத்தைக் குறைத்தது எது? இருக்கைப் பட்டை, ஓட்டுநரைச் சூழ்ந்த உறுதியான கூடு, 2003இல் கட்டாயமாக்கப்பட்ட கழுத்துக் காப்பு, 2018இல் தலைக்கு மேல் பொருத்தப்பட்ட ‘ஹேலோ’ வளையம் ஆகியவையே. 2020இல் பஹ்ரைனில் கார் இரண்டாகப் பிளந்து தீப்பற்றியபோதும் ரோமன் குரோஷான் உயிர் பிழைத்ததற்கு, இறைவன் நாட்டப்படி, இத்தகைய காப்புகளே துணை நின்றன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்ததன் பொருளும் இதுவே.

ஜாஹிலிய்யாக் கால அரபியர் பறவையை விரட்டி, அது வலப்புறம் பறந்தால் நன்மையென்றும், இடப்புறம் பறந்தால் தீமையென்றும் கொள்வார்கள். பறவையைக் குறிக்கும் ‘தைர்’ என்ற சொல்லினின்றே சகுனம் என்னும் பொருள்தரும் ‘தியரா’ பிறந்தது. அதற்கு உண்மையில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். அவர்களுடைய அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் தோன்றிற்று. மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசலாயினர். துயரத்தின் உச்சியிலும் அண்ணலார் அதனை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுறுத்தினார்கள்.

இத்தகைய நெறியைப் பெற்ற நம் இல்லங்களின் நிலை யாது? ஸபர் மாதத்தைப் பீடை மாதமென்று அந்த அண்ணலாரே மறுத்திருக்க, அதன் முதல் 13 நாட்களில் திருமணம் பேசவும் தயங்குகிறோம். ஒடுக்கத்துப் புதனன்று முஸீபத்து இறங்குமென்று நடுங்குகிறோம். ஐரோப்பியனின் பதின்மூன்றைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்குண்டா?

786 பற்றியும் ஒரு சொல். அப்ஜத் கணக்கில் பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளைக் கூட்டினால் வரும் தொகை அது: 102, 66, 329, 289 என்ற நான்கு சொற்களின் கூட்டு. அறிஞர்கள் ஆண்டுகளைச் செய்யுளில் பொதிந்து வைக்கப் பயன்படுத்திய கலை அப்ஜத். திருநாமம் எழுதிய தாள் காலடியில் மிதிபடலாகாது என்ற பேணுதலினால் கடிதத் தலைப்பில் அத்தொகையை எழுதியோரின் நோக்கத்தைக் குறைகூற வேண்டா. ஆனால் அவ்வெண் கொண்ட ரூபாய் நோட்டைப் பெட்டியில் பூட்டி வைப்பதும், வண்டிக்கு அவ்வெண் கிடைத்தால் ஆபத்து அணுகாதென்று நம்புவதும் வேறு. தேய்ந்துபோன பிரேக்கை மாற்றாமல் முகப்பில் 786 எழுதி ஓட்டுபவனுக்கும், 13ஐக் கண்டு ஓடியவனுக்கும் வேறுபாடு என்ன? ஒருவன் எண்ணை அஞ்சுகிறான். மற்றவன் எண்ணை நம்புகிறான். இருவரும் எண்ணைப் படைத்தவனை மறந்தவர்களே.

இனி வண்டியில் ஏறும்போது எண்ணைப் பாராமல், பிரேக்கைப் பார்ப்போம். நாவால் பிஸ்மில்லாஹ்வை முழுமையாக மொழிவோம். நாளும் எண்ணும் அவனுடையவை, காப்பவனும் அவனே.