கீழைக் கடல்வழியில் ஒரு மாணவர்: சென்னைத் துறைமுகமும் ஏ. கே. செட்டியாரின் ஜப்பான் கல்வியும்

1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ என்னும் கப்பலில் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அதற்கு முன் அவர் அதே துறைமுகத்தின் நிர்வாக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்தவர். அந்நாளில் அதன் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருடைய பயணத்திற்குத் துணைநின்றார். கடல் கடப்பதற்குக் குடும்பத்தில் எழுந்த தயக்கமும், புறப்படுமுன் குடுமி நீக்கப்பட்டதும் வரலாற்று நூல்களில் விரிவாகவே பதிவாகியுள்ளன. தமிழ் மாணவர் ஒருவரின் அயல்நாட்டுப் பயணம் என்றவுடன் நம் நினைவில் எழும் சித்திரம் இதுவே. பாரிஸ்டர் படிப்பு, ஐ.சி.எஸ். தேர்வு, கேம்பிரிட்ஜ் ஆகியவை அச்சித்திரத்தின் பிற பகுதிகள். பயணத்தின் திசை எப்போதும் மேற்காகவே இருந்தது.

அதே துறைமுகத்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்ட கப்பல்களில் மாணவர் எவரும் சென்றனரா என்னும் வினா மிக அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. கீழைக் கடல்வழி கூலிகளுக்கும் வட்டித்தொழில் செய்தவர்களுக்கும் உரியதாகக் கருதப்பட்டதே இதற்குக் காரணம் எனலாம். அவ்வழியில் ஒரு மாணவர் சென்றார் என்பதும், அங்கு அவர் கற்றதன் பயன் இந்தியத் திரைப்பட வரலாற்றிலும் தமிழ் உரைநடை வரலாற்றிலும் ஒருங்கே பதிந்தது என்பதும் தனித்து நோக்கத்தக்கவை. அவர் கோட்டையூர் அ. கருப்பன் செட்டியார், ஏ. கே. செட்டியார் என்னும் பெயரால் அறியப்பட்டவர்.

துறைமுகமும் ராயபுரமும்

1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகம் 1881ஆம் ஆண்டுப் புயலில் பெருஞ்சேதமுற்று மீண்டும் கட்டப்பட்டது. அதற்கு முன்னர் கரைக்கும் கப்பலுக்கும் இடையே மசுலாப் படகுகளே போக்குவரத்து நடத்தின. தொடக்கத்தில் கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயில், ஸ்பிரிங்கின் பொறுப்புக் காலத்தில் மூடப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் அமைக்கப்பட்டது. கப்பல்கள் அதன்பின் ராயபுரத்துப் பக்கமாகவே உள்ளே வந்தன. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டதும் ராயபுரம் நிலையத்திலிருந்துதான். நிலமும் கடலும் சந்திக்கும் வாயிலாக இப்பகுதி இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டது.

இதற்கு ராயபுரம் கொடுத்த விலை சிறிதன்று. வங்கக் கடலோரத்தில் ஆண்டு முழுவதும் நிகரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்தியது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரக் கரை அரிக்கப்பட்டது. நகரத்தார் மாலைக் காற்று வாங்கிய மணற்பரப்பும் வடக்கே மீனவர் இழந்த கரையும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகள். இது பயணவரலாற்றின் எல்லைக்குச் சற்று அப்பாற்பட்டதாயினும், துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது மறக்கத்தக்கதன்று.

டெக்கும் கிட்டங்கியும்

சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலில் மூன்று, நான்கு நாட்கள் ஆகும். இவ்வழித்தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனமே ஆதிக்கம் செலுத்தியது. ராமானுஜன் சென்ற ‘நெவாசா’வும் அந்நிறுவனத்தினுடையதே. 1926இல் வெள்ளோட்டம் விடப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் பல்லாண்டுகள் ஓடிய ‘ரஜூலா’ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. டெக் பயணிக்கு அறையோ கட்டிலோ கிடையாது. பாய் விரித்த இடமே அவருக்குரிய இடம். தமிழரின் கீழ்த்திசைப் பெயர்ச்சியில் மிகப் பெரும்பகுதி இத்தளங்களின் மீதே நிகழ்ந்தது.

இவ்வழியின் மற்றொரு சிறப்பு சட்டம் சார்ந்தது. இந்தியாவில் கடவுச்சீட்டுச் சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. ஆயினும் பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ஆகவே கோட்டையூர்க்காரர் ஒருவருக்கு ரங்கூன் கடல் கடந்த ஊரே தவிர அயல்நாடு ஆகாது. பிராமண மாணவர்களை அலைக்கழித்த கடல் கடத்தல் தோஷம் பற்றிய விவாதமும் நகரத்தாரைத் தொடவில்லை. அவர்களுக்குக் கடற்பயணம் தொழிலின் ஒரு பகுதி. ‘பெட்டியடிப் பையனா’கச் செல்லும் சிறுவன் ‘அடுத்தாளா’க உயர்ந்து, பின்னர் கடையின் பொறுப்பை ஏற்று, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவான். ரங்கூனின் மொகல் தெருவிலும், பினாங்கின் பினாங்குத் தெருவிலும், சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகளின் பெட்டிகளும் கணக்குப் புத்தகங்களும் வரிசையாக இருக்கும். பகலில் தொழில் நடக்கும் இடமே இரவில் படுக்குமிடம். பல்கலைக்கழக விடுதிக்கு நிகரான ஓர் அமைப்பு, பட்டமில்லாத இளைஞர்களுக்காகக் கீழைத் துறைமுகங்களில் முன்பே இயங்கிவந்தது என இதனைக் கொள்ளலாம்.

ரங்கூனிலிருந்து டோக்கியோ

1911 நவம்பரில் பிறந்த ஏ. கே. செட்டியார் இவ்வழியில் சென்றது வட்டித்தொழிலுக்காக அன்று. ரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகத் தம் இருபதுகளின் தொடக்கத்தில் அவர் பணியாற்றினார். அக்காலப் பர்மா அமைதியான நாடாக இல்லை. 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்களுக்கும் பர்மியர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் நகரெங்கும் பரவியது. அவ்வாண்டின் இறுதியில் சாயா சானின் உழவர் எழுச்சி தொடங்கியது. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ, கடன் பெற்ற உழவர்களின் நிலம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்து சேர்ந்தது. கீழைப் பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு; 1938இல் 25 விழுக்காடு. கணக்கேட்டில் வரவாகத் தெரிந்த இந்நிலம் நடைமுறையில் பெரும் பகையாகத் திரண்டது. இச்சூழலில் வணிகர்களின் இதழொன்றை நடத்திய இளைஞர், வணிகத்தை விட்டு விலகிய ஒரு கலையைக் கற்கச் சென்றார் என்பது கருதத்தக்கது.

1935இல் அவர் டோக்கியோவிலுள்ள இம்பீரியல் புகைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது வயது இருபத்து நான்கை எட்டிக்கொண்டிருந்தது.

ஏன் ஜப்பான்? 1905இல் ரஷ்யாவை வென்ற ஆசிய நாடு என்னும் பெருமை இந்தியரிடையே முப்பதாண்டுகளாக நிலைத்திருந்தது. சுதேசி இயக்கக் காலத்தில், கல்கத்தாவில் ஜோகேந்திர சந்திர கோஷ் 1904இல் நிறுவிய சங்கம் தொழிற்கல்விக்காக மாணவர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பியது. அவர்களுள் பலர் ஜப்பானுக்குச் சென்றனர். சட்டம் படிக்க இங்கிலாந்து, தொழில் கற்க ஜப்பான் என்னும் பாகுபாடு அக்காலத்திலேயே உருவாகிவிட்டது. புகைப்படத் தொழிலைப் பொறுத்தவரை 1930களின் நடுப்பகுதி ஜப்பானில் ஒரு திருப்புமுனை. ஃபூஜி படச்சுருள் நிறுவனம் 1934இல் தொடங்கப்பட்டது. ஹான்சா கேனன் கேமரா 1936இல் விற்பனைக்கு வந்தது. கோடாக், ஆக்ஃபா போன்ற மேலைச் சரக்குகளைச் சார்ந்திருந்த நாடு தன் கேமராவையும் படச்சுருளையும் தானே செய்யத் தொடங்கிய ஆண்டுகளில் அங்கே ஒரு தமிழ் மாணவர் இருட்டறை வேலையைக் கற்றார்.

பயணத்தின் தன்மையும் இங்கே மாறியது. சிங்கப்பூர் வரை தமிழ் பேசும் கிட்டங்கி துணையிருந்தது. அதற்கு அப்பால் ஹாங்காங், ஷாங்காய் கடந்து ஜப்பானை அடைந்தால், அங்கிருந்த இந்திய வணிகர்களில் பெரும்பாலோர் சிந்திகளும் குஜராத்திகளுமே. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் அவர்களுள் பலர் யோகஹாமாவை விட்டுக் கோபேயில் குடியேறிவிட்டனர். டோக்கியோவில் இந்தியர் என அறியப்பட்டவர்களுள் முதன்மையானவர் 1915இல் இந்தியாவிலிருந்து தப்பிச்சென்ற புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ். அவர் அறிமுகப்படுத்திய இந்தியக் கறிச் சோறு 1927 முதல் நாகமுராயா உணவகத்தில் பரிமாறப்பட்டது. ஏ. கே. செட்டியாருக்கு முன்பே 1928இல் கியோத்தோவில் பொறியியல் படிக்கச் சென்ற திருவனந்தபுரத்து ஏ. எம். நாயர் இப்போஸுடன் இணைந்து அரசியலில் இறங்கி, ஜப்பானிலேயே தங்கிவிட்டார். இரு தென்னிந்திய மாணவர்கள் சில ஆண்டுகள் இடைவெளியில் ஒரே நாட்டிற்குச் சென்று முற்றிலும் வெவ்வேறு வழிகளில் பிரிந்தனர். நாயரின் பெயர் விடுதலைப் போர் வரலாற்றில் இடம்பெற்றது. செட்டியாரோ கற்றதை எடுத்துக்கொண்டு அடுத்த நாட்டிற்குப் புறப்பட்டார்.

கற்றதன் பயன்

1937இல் நியூயார்க் புகைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அவர் மேலும் பயின்றார். அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற ‘சமாரியா’ கப்பலில், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று காந்தியின் பிறந்தநாள். இருபத்தாறு வயது நிரம்பாத ஓர் இளைஞர், பெருமுதலும் அரசு ஆதரவும் இல்லாமல், பல கண்டங்களில் சிதறிக்கிடந்த படத்துண்டுகளைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். முப்பதாண்டுகளில் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்தவற்றிலிருந்து ஏறத்தாழ 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, 12,000 அடி நீளமுள்ள படமாக்கினார். அது இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஓடும் நீளம். 1940 ஆகஸ்டு 23 அன்று சென்னை ராக்ஸி திரையரங்கில் தமிழ் விளக்கவுரையுடன் அது வெளியானது.

இப்படத்தைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் தேசபக்தியில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. ஒரு படத்துண்டைப் பார்த்தவுடன் அதன் தரத்தை மதிப்பிடவும், பிரதி எடுக்கத்தக்கதா எனத் தீர்மானிக்கவும் தெரிந்தவரால் மட்டுமே இத்தகைய தேடல் இயலும். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் பெற்ற கைத்திறனை நீக்கிவிட்டு இப்படத்தை விளக்க முடியாது. மூலத் தமிழ்ப் படம் நெடுங்காலம் கிடைக்காமற் போயிற்று. 1953இல் ஹாலிவுட்டில் உருவான ஆங்கில வடிவத்தின் சுருக்கப் பிரதி ஒன்றைச் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகமொன்றில் ஆ. இரா. வேங்கடாசலபதி கண்டறிந்தார். படத்தைத் தேடி அலைந்தவரின் படத்தையே தேடி அலைய நேர்ந்தது.

உரைநடையில் விளைந்த பயன் வேறு வகையானது. 1940இல் வெளியான ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலில் வாக்கியங்கள் குறுகியவை. தலங்களின் பெருமை குறைவு. உடன் பயணித்தவர், விடுதிப் பணியாளர், வழி சொன்னவர் என எளிய மனிதர் மிகுதி. எழுதுபவர் தம்மை முன்னிறுத்துவதில்லை. எதைச் சட்டத்திற்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்று முடிவெடுக்கும் புகைப்படக்காரரின் பழக்கம் இந்நடையில் படிந்துள்ளது எனக் கொள்வது மிகையாகாது. 1973இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான் எனப் பழைய கப்பல் வழியிலேயே படமாக்கப்பட்டது. தலைப்புகளின் ஒப்புமை தற்செயலாகவும் இருக்கலாம். இன்று தமிழ் வாசகர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பின்னதே.

மூடப்பட்ட வழி

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர் பலர். ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் தாக்கப்பட்டதும் சென்னையே காலியாகத் தொடங்கியது. ஏழாண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் இளைஞர் புகைப்படக் கலை கற்கச் சென்ற நாட்டின் கப்பற்படைக்கு அஞ்சி, துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலிருந்து மக்கள் வெளியேறினர்.

1943இல் ஏ. கே. செட்டியார் ‘குமரி மலர்’ இதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் அதன் பக்கங்களில் அவர் தம் பயணங்களைவிடப் பிறருடைய பழைய எழுத்துகளையும் ஆவணங்களையுமே மிகுதியாக அச்சிட்டார். தமிழ்நாட்டைப் பற்றி முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தொகுத்து 1968இல் தனி நூலாகவும் வெளியிட்டார். 1983இல் மறையும் வரை அவ்விதழை நடத்தினார்.

இதற்கிடையே 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, அங்கு எஞ்சியிருந்த தமிழர்களைக் கப்பல்கள் மீண்டும் சென்னைத் துறைமுகத்தில் இறக்கின. அவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியமர்த்தப்பட்டனர். சிலர் ராயபுரத்திற்குத் தெற்கே, கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்த நடைபாதையில் கடை விரித்தனர். பர்மா பஜார் எனப் பெயர்பெற்ற அக்கடைகளில் கைக்கடிகாரங்களுடனும் டிரான்சிஸ்டர் வானொலிகளுடனும் ஜப்பானியக் கேமராக்களும் விற்கப்பட்டன.